நெரெய்டா ஓட்டிய இருட்டு

நெரெய்டாவுக்குக் கால்கள் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. திருவிழாக் கொட்டு கேட்டால் அந்தக் கால்கள் நிற்காது. தெருக்கோடி வரை ஆடிப் போய்விட்டுத்தான் வீடு திரும்பும். ரம் பாட்டில் பக்கம் அவள் தலைவைத்தும் படுத்ததில்லை. ஆண்பிள்ளையாகவும் பிறக்கவில்லை. ஆனாலும் படத்தில் ஒரு சின்னக் கோளாறு வந்தால் போதும், எங்கள் கைபாரியென் ஊரே இருட்டில் எழுந்து நின்று அவளைப் பார்த்துக் கத்தும்: "டேய் நொண்டி, பாட்டிலக் கீழ வைடா!"

கியூபாவில் எந்தத் தியேட்டருக்குப் போனாலும் இதே கத்தல்தான். பிலிம் அறுந்தாலும் இதுதான், படம் மங்கினாலும் இதுதான், சத்தம் நின்றாலும் இதுதான். எந்தக் காலத்தில் எந்த நொண்டி ஆபரேட்டர் குடித்துவிட்டுப் படம் ஓட்டினானோ, எனக்குத் தெரியாது. எங்கள் ஊர்க்காரன்தான் அவன் என்று எங்கள் ஊரில் சிலர் பெருமையாகச் சொல்வார்கள். இதில் என்ன பெருமை என்று நான் கேட்டால் முறைப்பார்கள்.

நான் சோய்லா. கொரால் தியேட்டரில் டார்ச் அடித்து இடம் காட்டுகிறவள். மற்றவர்கள் திரையைப் பார்ப்பார்கள், நான் ஜனத்தைப் பார்ப்பேன். அதனால் எந்தப் படத்தைப் பற்றியும் என்னைக் கேட்காதீர்கள். அதைப் பார்த்தவர்களைப் பற்றிக் கேளுங்கள்.

நெரெய்டா கடற்பஞ்சு எடுக்கிற படகுக்காரரின் மகள். குள்ளமான உருவம். ஒரு சரக்குக் கப்பல்காரனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவன் ஏதோ ஒரு துறைமுகத்தில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். "அவன் ரீல் மாத்திக்கிட்டான்" என்பாள், அவ்வளவுதான். அதற்காக அழுது நான் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் எங்கள் தியேட்டரின் டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்திருந்தாள். அந்த ஜன்னலுக்குப் பின்னால் இருப்பது அரங்கத்தின் சுவர். படத்தின் சத்தம் எல்லாம் அவளுக்குக் கேட்கும், படம் மட்டும் தெரியாது. ஜப்பான்காரன் வாள் உருவுகிற சத்தம், ரஷ்யப் பீரங்கி, மெக்சிகோக்காரி விட்டு விட்டு அழுகிற அழுகை, எல்லாம் சுவர் வழியாகத்தான். "நான் கேக்காத படம் இல்ல, பாத்த படந்தான் இல்ல" என்று சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பாளே தவிர, அது அவளை உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு படம் முடிந்து ஜனம் கண்ணைத் துடைத்தபடி வெளியே வரும்போது, ஜன்னல் வழியாக அந்த முகங்களைப் பார்ப்பாள் பாருங்கள், பசித்தவள் பார்க்கிற பார்வை அது.

பழைய ஆபரேட்டர் தன் மகள் வீட்டோடு போய்விட்டதும், யாரிடமும் கேட்காமல் நெரெய்டாவே பெயர் கொடுத்தாள். மாகாணத் தலைநகர் சாந்தா கிளாராவுக்குப் போய் ஆண்களுக்கு நடுவில் உட்கார்ந்து வேலை கற்றுக்கொண்டாள். திரும்பி வந்து கேபினுக்குள் ஒரு சோடாப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் ஏறி நின்றால்தான் புரொஜெக்டரின் தலை எட்டியது. எட்டியதும் அவள் இறங்கவில்லை. அங்கேயே சாப்பாடு, அங்கேயே பாட்டு. இரண்டு கிழட்டு மெஷின்கள்; ஒன்றில் ரீல் முடியும்போது இன்னொன்றைச் சரியாக ஓடவிட வேண்டும். அந்த மாற்றம் கண்ணுக்கே தெரியாமல் நடக்கும் நாட்களில் அவள் கேபினுக்குள் தனக்குத்தானே கை தட்டிக்கொள்வதை நான் கேட்டிருக்கிறேன்.

எங்கள் நிர்வாகி எவெலியோவுக்கு இது பிடிக்கவே இல்லை. கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். சட்டைப் பையில் மூன்று பேனா வைத்துக்கொண்டு மூன்றிலும் மை இல்லாமல் திரிகிற மனிதர். கேபினில் ஒரு பெண் இருப்பது பேன்ட் போடாமல் தெருவில் போவதைப் போல அவருக்குக் கூச்சமாக இருந்தது. அதனால் அவளைத் தற்காலிகம் என்றே வைத்திருந்தார். மூன்று வருஷம் தற்காலிகம்! அவள் ஓட்டிய படங்களில் வாழ்ந்தவர்கள் செத்தே போயிருப்பார்கள், அவள் தற்காலிகம் தீரவில்லை.

எண்பத்திரண்டில் சர்வதேச சினிமா வாரம் எங்கள் ஊருக்கும் வந்தது. நாளுக்கு ஒரு நாடு: அல்ஜீரியா, பிரேசில், போலந்து, ஜப்பான். ஞாயிற்றுக்கிழமை ஹங்கேரி. புதன்கிழமை எவெலியோ எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"நெரெய்டா, ஞாயித்துக்கிழமை சாந்தா கிளாராவுல இருந்து கலாசாரத் துறைத் தோழர் ஓப்துலியா வராங்க. அவங்க காதுல அந்த நொண்டிக் கத்தல் விழுந்துச்சுன்னா என் மானமே போயிடும்."

"கத்தறது ஜனம். என்னை ஏன் முறைக்கிறீங்க?"

"கத்த வைக்கிறது யாரு? பக்கத்து ஊரு ரெமேதியோஸ்ல ஒரு ஆபரேட்டர் இருக்கான். கூப்பிட்டா அடுத்த பஸ்ல வந்துடுவான். ஒரே ஒரு கத்தல் கேட்டாலும் திங்கக்கிழமை நீ பழையபடி டிக்கெட் ஜன்னலுக்குப் போயிடணும்."

நெரெய்டாவின் முகம் வெளுத்தது. அந்தச் சுவருக்குப் பின்னால் மறுபடியும் போய் உட்காருவதா? ஆனால் அவள் வாய் சும்மா இருக்கவில்லை.

"கேக்கலேன்னா?"

"என்னது?"

"ஒரு கத்தல்கூட கேக்கலேன்னா என்ன செய்வீங்க? என்னை நிரந்தரமாக்குவீங்களா?"

எவெலியோ வாய்விட்டுச் சிரித்தார். கைபாரியென் ஜனம் ஒரு முழுப் படத்துக்கு வாயை மூடிக்கொண்டிருப்பதா? "ஆகட்டும்! ஆக்கிடறேன்! சோய்லா, நீதான் சாட்சி" என்றார்.

"சாட்சி எதுக்கு? எழுதிக் குடுங்களேன், மூணு பேனா இருக்கே" என்றேன் நான். அது அவருக்குப் பிடிக்கவில்லை.

கத்தலுக்கென்றே எங்கள் ஊரில் ஒருவன் இருந்தான். தோரிபியோ, எதிர்முனைச் சலூன்காரன். மூன்றாவது வரிசையில் நடைவழி ஓரம் அவன் இடம். அதில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். படம் கொஞ்சம் துடித்தால்கூட முதல் குரல் அவனுடையதுதான். மற்றவர்கள் அவன் பின்னால் பாடுகிற கோஷ்டி. அவன் வாயை மூட முடிந்தால் ஊர் வாயை மூடலாம். அவன் வாயை யார் மூடுவது?

சனிக்கிழமை காலையில் படப்பெட்டி வந்தது. நெரெய்டா பிலிமில் ஒட்டுப் போட்ட ஒவ்வொரு இடத்தையும் விரலால் தடவிப் பார்த்துச் சரிசெய்துவிட்டு, வெறும் அரங்கத்தில் ஒரு முறை ஓட்டினாள். நான் தரை பெருக்கிக்கொண்டே பார்த்தேன். நல்ல படம். ஆற்றங்கரையில் ஒரு வீடு. பல வருஷம் கழித்துத் தம்பி வந்து நிலவறையில் ஒளிந்துகொள்கிறான். அண்ணன் விளக்கோடு கீழே இறங்குகிறான். இருவருக்கும் பழைய பகை. விளக்கு அணைகிறது.

அப்புறம் திரையில் ஒன்றுமே இல்லை. கும்மிருட்டு. சத்தமும் இல்லை.

நான் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, கேபினைப் பார்த்துத் திரும்பி, தொண்டை கிழியக் கத்தினேன்: "டேய் நொண்டி, பாட்டிலக் கீழ வைடா!"

சத்தியமாக நான் யோசித்துக் கத்தவில்லை. தும்மல் மாதிரி வந்துவிட்டது. கத்தி முடிக்கும் முன்னே திரையில் ஒரு தீக்குச்சி எரிந்தது, படம் தொடர்ந்தது. ஒரு பிரார்த்தனை சொல்லி முடிக்கிற நேரம்தான் அந்த இருட்டு. படத்தை எடுத்தவர்கள் வேண்டுமென்றே வைத்த இருட்டு.

படம் முடிந்ததும் நெரெய்டா இறங்கி வந்தாள். கோபமில்லை. பயம்.

"அடியே சோய்லா, நீயே கத்திட்டியேடி."

"வந்துடுச்சு. நான் என்ன செய்ய?"

"நீயே கத்தினா தோரிபியோ விடுவானா? நாளைக்கு அந்த இடத்துல கூரையே பறந்துடும்."

எவெலியோவும் கடைசி வரிசையில் இருந்து பார்த்திருந்தார். அவர் வந்து குரலைத் தாழ்த்தி, "அந்த இருட்டை வெட்டிடு" என்றார். "விளக்கு அணைஞ்சதும் தீக்குச்சிய ஒட்டிடு. யாருக்குத் தெரியப்போகுது?"

அவருக்கு அது அவளுக்குச் செய்கிற உதவியாகத்தான் தோன்றியிருக்க வேண்டும். நெரெய்டாவின் கையில் கத்தரிக்கோல் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"தோழர் எவெலியோ, அந்த இருட்டு அவங்க செஞ்சது. உக்காந்து யோசிச்சுச் செஞ்சிருக்காங்க. எனக்குச் சுவத்துக்குப் பின்னால இருந்து பாதிப் படம் கிடைச்சுது. நான் இந்த ஜனத்துக்குப் பாதிப் படம் குடுக்க மாட்டேன்."

"அப்ப ஆரம்பத்துல ஒரு வார்த்தை சொல்லிடலாமா? 'நடுவுல இருட்டு வரும், பயப்படாதீங்க'ன்னு?" என்று நான் கேட்டேன்.

"தோழர் ஓப்துலியா முன்னாலயா? எங்க ஊர் ஜனத்துக்குப் படம் பாக்கத் தெரியாதுன்னு நானே மேடை ஏறிச் சொல்லணுமா? வேணாம்!" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். பந்தயம் பந்தயம்தான் என்று வாசலில் நின்று ஒரு முறை ஞாபகப்படுத்தவும் மறக்கவில்லை.

நெரெய்டா அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "இன்னைக்குக் கடையில காபித்தூள் வருதில்ல?" என்றாள்.

"வருது."

"எடுவிஹிஸ் வரிசையில நிப்பா இல்ல?"

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. எடுவிஹிஸ் என்றால் எங்கள் ஊர் வானொலி. அவளிடம் சொல்லப்பட்ட விஷயம் காபி ஆறுவதற்குள் படகுத்துறை வரை போய்விடும். ஒரு நிபந்தனை உண்டு: யாரிடமும் சொல்லாதே என்று சொல்லித்தான் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவளுக்கு ருசிக்காது.

ரேஷன் கடை வரிசையில் நெரெய்டா அவள் காதருகே போய், "அக்கா, ஒரு விஷயம், உங்களோட இருக்கட்டும்" என்றாள்.

"என் வாயப் பத்தி உனக்குத் தெரியாதா?" என்றாள் எடுவிஹிஸ். தெரிந்துதான் வந்திருக்கிறோம்.

"நாளைக்குப் படத்துல ஒரு இருட்டு வருது. படத்தோட உயிரே அங்கதான். மூச்சு விடற சத்தம்கூட இல்லாம இருந்தாத்தான் அது புரியும். யாராவது ஒருத்தர் வாயத் திறந்தாப் போச்சு, மொத்த தியேட்டருக்கும் படம் போச்சு."

"அட கடவுளே! இருட்டுல என்ன இருக்கு?"

"அத மட்டும் கேக்காதீங்க அக்கா" என்று சொல்லிவிட்டு நெரெய்டா நடையைக் கட்டினாள். அவள் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு வார்த்தை பொய் இல்லை. மிச்சத்தை ஊர் பார்த்துக்கொண்டது.

சாயங்காலத்துக்குள் அந்தச் செய்திக்குக் கண், காது, மூக்கு எல்லாம் முளைத்துவிட்டன. லா லோமா பேட்டைப் பக்கத்தில், அந்த இருட்டில் பேசுகிறவனுக்கு வருஷம் முழுக்கக் கெட்ட காலம் என்று சொன்னார்கள். மீன் தொழிற்சாலைப் பெண்கள், இருட்டில் ஒருவன் கொலைகாரனின் பெயரை முணுமுணுப்பதாகவும், காது கொடுத்தவர்களுக்கு மட்டும்தான் அது கேட்கும் என்றும் பேசிக்கொண்டார்கள். ஞாயிறு காலை தோரிபியோ என்னைச் சலூன் வாசலில் மறித்தான்.

"என் ராணி, ஒண்ணே ஒண்ணு சொல்லு. இடப்பக்கமா, வலப்பக்கமா?"

"என்னது?"

"தெரியாத மாதிரி நடிக்காத. அந்த இருட்டுல ஹங்கேரிக்காரி ஒருத்தி பொட்டுத் துணி இல்லாம குறுக்க நடக்கறாளாமே. கண்ண இமைக்காமப் பாத்தாத்தான் தெரியுமாம். எந்தப் பக்கத்துல இருந்து வரா?"

இப்படி ஒரு வரம் தானாக வந்து மடியில் விழுந்தால் நான் தட்டிவிடுவேனா? "இடப்பக்கம்" என்றேன். "ஆனா வாயத் திறந்தா கண்ணு கலங்கிடும், பாத்துக்க."

நான்கு மணிக் காட்சிக்கு அரங்கம் நிறைந்து, சுவரோரம் ஆட்கள் நின்றார்கள். தோழர் ஓப்துலியா நடுவரிசையில், எவெலியோ அவர் பக்கத்தில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு. ஓப்துலியா கனத்த உடம்புக்காரி, தடித்த கண்ணாடி. கடலைக்காரன் கூடையை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். நான் டார்ச்சை அணைத்தேன்.

படம் ஓடியது. ரீல் மாற்றம் ஒவ்வொன்றும் வெண்ணெயில் கத்தி இறங்கிய மாதிரி. அண்ணன் விளக்கை எடுத்தான். படி இறங்கினான். அரங்கத்தில் ஆட்கள் ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொள்வதை நான் பார்த்தேன். விளக்கு அணைந்தது.

இருட்டு.

ஊசி விழுந்தால் கேட்டிருக்கும். எனக்கு ஆனந்தத்தில் அழுகை முட்டியது. தோரிபியோ இருக்கை விளிம்புக்கு வந்து, கழுத்தை வான்கோழி மாதிரி நீட்டி, திரையின் இடது ஓரத்தை முறைத்துக்கொண்டிருந்தான். வெளியேறும் வாசலின் சிவப்பு விளக்கில் அவன் வழுக்கை பளபளத்தது. நான் மனசுக்குள் பிரார்த்தனையைச் சொல்லி முடித்தேன். தீக்குச்சி வரவில்லை. இன்னொரு முறை சொன்னேன். வரவில்லை.

சத்தம் வராமல் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இரும்புப் படியில் ஏறினேன்.

கேபினுக்குள் நெரெய்டா பெட்டி மேல் நின்றிருந்தாள். காலடியில் பிலிம் பாம்பு மாதிரி சுருண்டு கிடந்தது. இருட்டுக் காட்சியின் நடுவிலேயே ஓரத்து ஓட்டைகள் கிழிந்து பிலிம் அறுந்திருக்கிறது. அறுந்த நொடியில் அவள் புரொஜெக்டரின் வெளிச்சத்தை மறைக்கிற ஷட்டரை இறக்கிவிட்டாள், அதனால் திரை வெளுக்கவில்லை. ஒலிபெருக்கியை மட்டும் அணைக்காமல் விட்டிருந்தாள். அதன் மெல்லிய இரைச்சல் போய்விட்டால் அரங்கத்துக்குச் சந்தேகம் வந்துவிடும் என்று அந்த அவசரத்திலும் அவளுக்குத் தோன்றியிருக்கிறது. கட்டை விரலில் ரத்தம்.

"கத்தறாங்களா?" என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

"இல்ல."

"இன்னுமா இல்ல? ஏன்டி?"

"எனக்கென்ன தெரியும்? சீக்கிரம்!"

"எல்லாக் கட்டமும் கறுப்பா இருக்குடி, தீக்குச்சி எங்கன்னே தெரியல. தள்ளி மாட்டினா தீக்குச்சி போயிடும். அது போனா படமே போச்சு."

பிலிமை விளக்குக்கு எதிரே பிடித்து, கட்டம் கட்டமாக இழுத்துப் பார்த்துக்கொண்டே போனாள். கறுப்பு, கறுப்பு, கறுப்பு. நான் கேபின் ஜன்னல் வழியாக, வாசல் விளக்கின் சிவப்பு மங்கலில் கீழே பார்த்தேன். இத்தனை காலம் டார்ச் பிடித்தவள் சொல்கிறேன், அப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை. ஒரு ஊரே உட்கார்ந்து ஒன்றுமில்லாத திரையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தது. எடுவிஹிஸ் தன் வாயைத் தன் கையாலேயே பொத்தியிருந்தாள். விக்கல் வந்த ஒருத்தி கைக்குட்டையை வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தாள். எவெலியோ மட்டும் தலையைக் குனிந்துகொண்டு எதற்கோ காத்திருந்தார்.

"இருக்கு!" என்றாள் நெரெய்டா. ஒரு கட்டத்தின் நடுவில் கடுகளவு வெளிச்சம். கிழிந்ததை வெட்டினாள், மாட்டினாள், சக்கரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். ஷட்டரைத் தூக்கினாள்.

திரையில் தீக்குச்சி எரிந்தது.

கத்தி இல்லை, கொலை இல்லை, நடந்து போகிற பெண்ணும் இல்லை. நிலவறைப் படியில் அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே சிகரெட்டைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு நேரமும் அந்த இருட்டில் அவர்கள் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அரங்கம் முழுவதும் ஒரே மூச்சாக விட்ட பெருமூச்சு கேபின் வரை கேட்டது. நான் தோரிபியோவைப் பார்த்தேன். அவன் தம்பி இரண்டு வருஷத்துக்கு முன் மரியெல் துறையில் படகேறி அமெரிக்காவுக்குப் போனவன். போகிற அன்று அண்ணன்காரன் சலூனைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருந்தான், வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊருக்கே தெரியும், யாரும் பேச மாட்டோம். அந்தப் பெரிய வாய்க்காரன் இப்போது இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

படம் முடிந்து கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. முன்கூடத்தில் தோழர் ஓப்துலியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே எவெலியோவிடம் சொன்னார்: "சாந்தா கிளாராவுல அதே இடத்துல விசிலடிச்சு நாறடிச்சாங்க தோழர். இங்க ஒரு குரல் இல்ல. என்ன ஜனம் உங்க ஜனம்! அந்த இருட்டு இவ்வளவு நீளம்னு எனக்கு ஞாபகமே இல்ல. ஆபரேட்டரைக் கூப்பிடுங்க."

நெரெய்டா விரலில் துணி சுற்றிக்கொண்டு இறங்கி வந்தாள். எவெலியோ அவளுக்கு முன்னால் பாய்ந்து ஏதோ சொல்லப் போனார். அவள் முந்திக்கொண்டாள்.

"அவ்வளவு நீளம் இல்லீங்க. நடுவுல பிலிம் அறுந்துடுச்சு. எடுத்து மாட்டிட்டு இருந்தேன்."

எவெலியோ முகத்தில் ஈயாடவில்லை. அப்போது சிவந்த கண்களோடு தோரிபியோ நுழைந்தான்.

"என்ன சொன்ன? அறுந்துச்சா? நான் பாத்துட்டிருந்தது அறுந்த படமா?"

"பாதி நேரம் ஆமா."

"அடிப்பாவி! என் வாழ்நாள்ல இதவிடப் பெரிய அறுப்பு வந்ததில்ல, அதுக்கு நான் வாயத் திறக்காம உக்காந்திருக்கேன்! அப்ப அந்தப் பொம்பள?"

"எந்தப் பொம்பள?" என்றாள் நெரெய்டா, உண்மையிலேயே தெரியாமல்.

சிரிப்பு வெடித்தது. எடுவிஹிஸ் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தோழர் ஓப்துலியாவுக்கு விஷயம் விளங்கச் சற்று நேரமானது. விளங்கியதும் அவர் கனத்த உடம்பு முழுவதும் குலுங்கியது. சிரிக்காதவர் எவெலியோ ஒருவர்தான். அவர் தொண்டையைக் கனைத்தார்.

"அறுந்தது அறுந்ததுதானே. அது ஆபரேட்டர் தப்பு. பந்தயம் செல்லாது."

"என்ன பந்தயம்?" என்று தோரிபியோ கேட்டான்.

நான் சாட்சி அல்லவா? நடந்ததை எல்லாம் உரக்கச் சொன்னேன். ஒரு கத்தல் கேட்டால் டிக்கெட் ஜன்னல், கேட்காவிட்டால் நிரந்தரம். வெட்டச் சொன்னதையும் சொன்னேன், அவள் மறுத்ததையும் சொன்னேன். தோரிபியோ மெதுவாக எவெலியோ பக்கம் திரும்பினான்.

"தோழர் எவெலியோ, இந்த ஊர்ல கத்தறவன் யாரு?"

"நீதான்."

"நான் கத்தினேனா?"

"இல்ல, ஆனா..."

"நான் கத்தலேன்னா யாரும் கத்தல. தப்பா இருந்தா நான் கத்தியிருப்பேன். அந்த ரெமேதியோஸ்காரன் வரட்டும், முதல் ரீல்ல இருந்து கடைசி ரீல் வரைக்கும் என் தொண்டை என்ன செய்யும்னு காட்டறேன்."

எவெலியோ தோழர் ஓப்துலியாவைப் பார்த்தார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "வாக்கு குடுத்தீங்களா தோழர்?" என்று மட்டும் கேட்டார்.

"குடுத்தேன்" என்றார் எவெலியோ, தரையைப் பார்த்து. "சரி, நெரெய்டா. நாளையில இருந்து நீ நிரந்தரம்."

வேறு யாராவது இருந்தால் அதோடு கையைக் குலுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். நெரெய்டா நகரவில்லை.

"இங்க சொன்னா பத்தாது. மூணு வருஷமா அரங்கத்துக்குள்ள வச்சுத்தானே கத்தினாங்க? உள்ள வந்து சொல்லுங்க."

ஏழு மணிக் காட்சிக்கு முதல் காட்சியைவிடக் கூட்டம். பார்த்தவர்களில் பாதிப் பேர் மறுபடியும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், தோரிபியோ உட்பட. எவெலியோ திரைக்கு முன்னால் போய் நின்றார். இத்தனை வருஷத்தில் அவர் மேடை ஏறியது விதிகளைப் படித்துக் காட்டத்தான். இன்று கையில் காகிதம் இல்லாமல் சொன்னார்: "தோழர்களே, இந்தத் தியேட்டரோட ஆபரேட்டர் நெரெய்டா ஃபுவென்தெஸ். நிரந்தர ஆபரேட்டர்."

முதலில் தோரிபியோதான் எழுந்து திரும்பினான். பிறகு அவன் வரிசை. பிறகு மொத்த அரங்கமும். லா மரீனாப் பேட்டைக்காரர்கள், லா லோமாப் பேட்டைக்காரர்கள், மீன் தொழிற்சாலைப் பெண்கள், எல்லாரும் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பின்சுவரின் உச்சியில் இருக்கிற அந்தச் சின்ன ஜன்னலை அண்ணாந்து பார்த்துக் கைதட்டினார்கள். நான் என் டார்ச்சை அங்கே அடித்தேன். ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது. எதற்கும் பதில் வைத்திருக்கிற அந்த வாய் திறந்தபடியே இருந்தது. கன்னம் இரண்டும் நனைந்து பளபளத்தன. எனக்கும் அதே கதிதான், டார்ச் வெளிச்சம் சுவரில் ஆடிக்கொண்டே இருந்தது.

அவள் படத்தை ஓட்ட ஆரம்பித்துவிட்டாள். திரையில் ஆறு ஓடியது, வீடு வந்தது, இசை வந்தது. ஒருவர்கூடத் திரும்பவில்லை. கடைசியில் அவள்தான் ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி, திரும்புங்கள், படத்தைப் பாருங்கள் என்று எங்களை விரட்ட வேண்டியிருந்தது.